லிஃப்டுக்காரரின் பதினான்காவது சுற்று

செய்த வேலையை எழுதி வைக்காவிட்டால் லிஃப்டுக்காரருக்குச் சோறு இறங்காது. லிஃப்ட் பழுது பார்ப்பதில் இருபத்தாறு வருடப் பழக்கம். எந்தக் கட்டடமானாலும் மொட்டை மாடி மோட்டார் அறையில் ஒரு நீள ரிஜிஸ்டர் தொங்கும். தேதி, நேரம், செய்த வேலை, செய்தவர், பார்த்தவர் என்று ஐந்து கட்டங்கள். கதவுக்கு எண்ணெய் விட்டால் எழுதுவார். விடாமல் வந்தாலும், "எண்ணெய் விடவில்லை, தீர்ந்துவிட்டது" என்று எழுதுவார். மனிதருக்குப் பொய் எழுத வராது. நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? அதை எங்கே காட்டுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா?

அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போயிருந்தாள். இப்போது முதல் பிரசவம். சம்பந்தியம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் கட்டோடு படுத்திருக்க, பக்கத்தில் நிற்க வேறு ஆள் கிடையாது. "அம்மா, நீ வந்துடுவல்ல?" என்று மகள் தினம் ஒரு தடவையாவது கேட்பாள். வந்துவிடுவேன் என்று இவரின் மனைவியும் தினம் சொல்வாள். சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கான விமானக் கட்டணம் அவருடைய ஐந்து மாதச் சம்பளம்.

வழி சொன்னது கம்பெனி வேன் ஓட்டுநர். "அண்ணே, கிரெடிட் கார்டுல கிஃப்ட் கார்டா வாங்குங்க. அத ஃபோன்ல காசா ஏத்துங்க. அங்கேருந்து பேங்க்குக்கு மாத்தி, அதே காச கார்டுக்குக் கட்டிடுங்க. காசு ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுக்கு வந்துரும். கார்டுல செலவு பண்ணினதுக்கு பேங்க் குடுக்கற பாயின்ட் மட்டும் நம்மகிட்ட நின்னுடும். பாயின்ட் சேந்தா பிளேன் டிக்கெட்டு."

"இது தப்பில்லையா?"

"யாரு பாக்கப் போறா?"

கார்டோடு வந்த பொடி எழுத்துப் புத்தகத்தில், இப்படிச் செய்தால் கணக்கை மூடுவோம் என்று பதினேழாம் பக்கத்தில் போட்டிருந்தது. மோட்டார் கையேட்டைக் கரைத்துக் குடித்த மனிதர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வாரத்துக்கு ஒரு சுற்று. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சூப்பர் மார்க்கெட்டில் கிஃப்ட் கார்டுகளை வாங்குவார். சனிக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து அவற்றின் எண்களைச் சுரண்டிச் சுரண்டி ஃபோனில் ஏற்றுவார். வீட்டுக்கென்றே ஒரு ரிஜிஸ்டர் வாங்கி, அதே ஐந்து கட்டங்களைக் கோடு போட்டு வைத்திருந்தார். "ஆரம்பிச்சுட்டாருய்யா ஆடிட்டரு" என்று மனைவி சிரிப்பாள்.

பதினான்கு சுற்றில் பாயின்ட் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு இடத்தில் இறங்கி ஏறும் விமானத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இவர் மனசு கேட்கவில்லை. மனைவிக்கு முட்டி வலி. நேராகப் போகும் விமானத்துக்கு இன்னும் நாற்பதாயிரம் பாயின்ட் வேண்டும்.

"இன்னும் அஞ்சே அஞ்சு வாரம் பொறு. ஏறினா அங்க போய்த்தான் இறங்குவ."

"பிரசவத்துக்கு ஏழே வாரந்தான் இருக்கு. உங்க சுத்து முடியற வரைக்கும் பிள்ளை உள்ளயே உக்காந்திருக்குமா?" என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மேசையில் இருப்பவள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு நாளை இடம் இருக்காது என்பதைத் தினம் பார்க்கிறவள். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் பிரேக்கைப் பிரித்துப் போட்டிருந்தபோது செய்தி வந்தது. உங்கள் கார்டு கணக்கு மூடப்பட்டது. மீதமுள்ள பாயின்ட்டுகள் ரத்து. கையிலிருந்த நட்டு ஒன்று உருண்டோடி மூலையில் நின்றது. செயலியைத் திறந்தால் உள்ளேயே விடவில்லை. மகளின் குரல்தான் காதில் கேட்டது. அந்த நிலையிலும் பிரேக்கைப் பூட்டி, லிஃப்டை மூன்று முறை ஓட்டிப் பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேங்குக்கு ஓடினார்.

கார்டுப் பிரிவில் இருந்த அதிகாரிக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். எண்ணைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், பணம் கட்டும்போது 'காரணம்'னு ஒரு கட்டம் வருமே. அதுல இத எழுதினது யாரு?"

அங்கே வரிசையாக இருந்தது: "கிஃப்ட் கார்டு வாங்கி, காசாக்கி, திரும்பக் கட்டுவது. சுற்று 9. பழுது இல்லை." அதற்குக் கீழே சுற்று 10, சுற்று 11.

"நான்தாம்மா."

"பதினாலு தடவையுமா?"

"செஞ்ச வேலைய எழுதணுமில்ல? எங்க தொழில்ல அப்படித்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத எத்தனையோ பேர் பண்றாங்க சார். கண்டுபிடிக்கறதுக்குள்ள எங்களுக்குக் கண்ணு பூத்துடும். நம்பர் போட்டு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான். கார்டு இனிமே கிடையாது. பாக்கி ஏதாவது இருந்தா உடனே கட்டிடணும்."

"பாக்கி வைக்கறதில்லம்மா. பாயின்ட்டு?"

"இருந்தது போச்சு."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. "ஒரு லட்சத்துக்கு மேல இருந்துச்சும்மா. பொண்ணுக்குப் பிரசவம். பேராசைப்பட்டு நான்தான் கெடுத்தேன்."

"ஒரு லட்சமா?" அவள் திரும்பவும் தட்டினாள். "ரத்தானது ஏழாயிரந்தானே சார். ஞாயித்துக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கீங்களே?"

ஞாயிறு ஏழே முக்காலுக்கு இவர் குளித்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஏறின கிரீஸை அன்றைக்குத்தான் உட்கார்ந்து தேய்ப்பார்; முக்கால் மணி நேரம் ஆகும். ஃபோன் சமையலறை மேசையில் கிடக்கும். பாஸ்வேர்டு மகளின் பிறந்தநாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அந்த டிக்கெட்டையும் ரத்து பண்ணிடுவீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தத நாங்க திரும்பக் கேக்கறதில்ல. திங்கக்கிழமைதான் உங்க கணக்க நிறுத்தி வச்சாங்க. ஒரு நாள் தள்ளியிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

அப்பாடா என்று அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அதிகாரி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். முழுசையும் குடித்தார். வெளியே வந்து நடந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது: இனி வெள்ளிக்கிழமை கடைக்குப் போக வேண்டாம், சனிக்கிழமை எண் சுரண்ட வேண்டாம். மூன்று மாதமாகத் தோளில் என்னவோ இருந்ததே தெரியாமல் சுமந்திருக்கிறார்.

வீட்டில் மனைவி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இவர் நடந்ததைச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உசிரே போயிடுச்சு."

"சொன்னா விடுவீங்களா? சுத்து முடியட்டும்னு ஆரம்பிப்பீங்க. அதான் எழுதி வச்சேன். சனிக்கிழமைதான் தொறப்பீங்கன்னு தெரியும், அப்ப பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எங்க எழுதின?"

"எங்க எழுதுவாங்க?"

அலமாரியிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தார். சுற்று பதினான்குக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி. தேதி சரி, நேரம் சரி. செய்த வேலை: "டிக்கெட் எடுத்தாச்சு. நீங்களும் நானும். ரெண்டு இடத்தில் இறங்கி ஏறணும்." செய்தவர் கட்டத்தில் அவள் பெயர்.

"உன் முட்டி?" என்றார்.

"ஏர்போர்ட்ல லிஃப்ட் இருக்காதா? ரிப்பேரானாலும் கூடவே ஆளக் கூட்டிட்டுத்தானே போறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'பார்த்தவர்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளுக்கு ஃபோன் போட்டார்.