வால் வெட்டிய நோட்டு

நாங்கள் குடியேறிய டண்டினொங் நகரத்துப் பிஸ்கட் தொழிற்சாலையில் பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவள் ஒரு வியட்நாம்காரி. ஓய்வு பெறுகிற கிழமை ஒரு பழைய நோட்டை என் கையில் தந்து, சட்டம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். என் கணவர் படங்களுக்குச் சட்டம் அடிப்பவர்.

அது கள்ள நோட்டு. அவள் சிறுமியாக இருந்தபோது எதிரி விமானம் ஊருக்கு மேல் கொட்டியது. பார்வைக்கு அசல் காசுதான். ஓரத்தில் மட்டும் வால்போல ஒரு துண்டு, அதில் அவளுடைய நாட்டு அரசாங்கத்தைத் திட்டிப் பிரசாரம். சனங்கள் வாலை வெட்டி எறிந்துவிட்டு நோட்டைக் கடையில் தள்ளிவிடுவார்களாம். அவளுடைய அப்பா வெட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் விரித்துப் பார்த்தால் வாலின் ஓரத்தில் பென்சில் எழுத்து. அவளுடைய மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் முற்றத்திலும் விமானம் துண்டுப்பிரசுரம் கொட்டியிருக்கிறது. வாசித்து முடிக்க முன்னமே அம்மா அதை அடுப்பில் வைத்துவிடுவார். சோதனைச் சாவடியில் பைக்குள் அப்படி ஒரு துண்டு அகப்பட்டால் ஆள் வீடு திரும்புவது நிச்சயமில்லை. இன்றைக்கும் கரண்ட் பில்லைக்கூடச் சுக்குநூறாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறேன். வாலையும் அப்படியே வெட்டிக் கிழித்துப் போட்டேன். நோட்டு சட்டத்துக்குள் வடிவாக உட்கார்ந்தது. எனக்குப் பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்றத் துண்டு எங்கே என்று கேட்டாள். சண்டைக்குப் புறப்பட்ட காலையில், வேறு கடதாசி இல்லாமல், அப்பா அதில்தான் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் திரும்பி வரவில்லை. ஒரு படம்கூட இல்லை.

குப்பை வண்டி முதல்நாளே வந்து போயிருந்தது.

"என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லோ?" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன். பயம் என்னுடையது, பறிபோனது அவளுடையது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. போன ஞாயிறு தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். வரவேற்பறைச் சுவரில் அந்தச் சட்டம் தொங்கியது. என் மனம் நோகக்கூடாது என்று வெறும் கள்ளக் காசை மாட்டிவைத்திருக்கிறாள்.