நாற்காலி இல்லாத ஆபீஸ்

குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்ததுமே எம்.டி., காதிலிருந்து போனை எடுக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது கையை நீட்டி அடுப்பை அணைத்துவிட்டார். “ஒண்ணுமில்ல சார், பக்கத்து ஹால்ல எங்க டீம் டெஸ்டிங் பண்ணிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். குக்கருக்குள் அன்றைய மதியச் சாப்பாடு வெந்தும் வேகாமலும் நின்றது.

எம்.டி. என்பது நான் வைத்த பட்டப்பெயர். எதிர் வீட்டுக்காரன் என்ற உரிமையில் வைத்தேன். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வருவதில்லை, கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறார். சமையலறைகளை வடிவமைத்துக் கொடுப்பது அவர் தொழில். மேடை எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு வலிக்காது, அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் தலையில் இடிக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். கம்பெனியில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனாலும் வாடிக்கையாளர்களிடம் ‘நான்’ என்ற சொல் அவர் வாயில் வராது. “நாங்க பாத்துட்டு சொல்றோம்” என்பார். “எங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கறோம்” என்பார். அக்கவுண்ட்ஸ் என்பது அதே சாப்பாட்டு மேஜையின் மறுமுனை. அங்கே எழுந்து போய் உட்கார்ந்துதான் பில் போடுவார்.

போன வருஷம் இவருக்கு ஒரு விர்ச்சுவல் ஆபீஸ் மேல் ஆசை வந்தது. பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் விலாசம் கொடுப்பார்கள். போன் எடுக்க ஒரு பெண் இருப்பாள், தபால் வந்தால் வாங்கி வைப்பாள். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் நமக்கென்று அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அவர் மனைவி படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு இது பிடிபடவே இல்லை.

“நானும் வீட்டுலேருந்துதானே வேலை பாக்குறேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“உன்கிட்ட யாரும் விசிட்டிங் கார்டு கேக்க மாட்டாங்க. என்கிட்ட கேப்பாங்க. அதுல போய் ‘தண்ணி டேங்க் எதிர்ல, ரெண்டாவது மாடி’ன்னு போட முடியுமா?”

“வர்றவங்க நம்ம கிச்சனைப் பாத்தாலே போதும். அதைவிட நல்ல கார்டு உங்ககிட்ட இல்ல.”

அந்த அம்மாள் சொன்னது உண்மை. எம்.டி. போட்ட சமையலறைகளிலேயே சிறந்தது அவர் வீட்டில்தான் இருக்கிறது. உட்கார்ந்தபடியே அடுப்பை அணைக்க முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மனைவி சொல்லி எம்.டி. கேட்டதாகச் சரித்திரம் இல்லை. நேரில் போகாமலே பணத்தைக் கட்டினார். போன் எடுக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டார்: யார் கேட்டாலும் ‘சார் மீட்டிங்ல இருக்காரு’ என்று சொல்லவேண்டும். சொல்கிறாளா என்று பார்க்க, குரலை மாற்றிக்கொண்டு தன் ஆபீசுக்குத் தானே போன் போட்டுத் தன்னைக் கேட்பார். பதிலைக் கேட்டதும் அவர் முகத்தில் வரும் நிறைவைப் பார்க்க வேண்டும்.

வேலை ஒன்றும் கையில் இல்லாமல் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான், பெண்கள் விடுதி நடத்தும் ஒரு அம்மாள் போனில் கூப்பிட்டார். அவருடைய எல்லா விடுதிகளிலும் சமையலறையை மாற்ற வேண்டுமாம். அது கிடைத்தால் குடும்பத்துக்கு ஒரு வருஷம் கவலையில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன், ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் குரல் கேட்டது.

“ஆபீஸெல்லாம் எதுக்குங்க? உங்க வீட்டு கிச்சனைக் காட்டுங்க, அது போதும். போன தடவ ஒருத்தரு வெறும் போர்டை மாட்டிக்கிட்டு கம்பெனின்னு சொல்லி ஏமாத்திட்டாரு.”

மனைவி ‘வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க’ என்று கையைக் காலை ஆட்டினார்.

“சாரி மேடம். நாங்க வீட்டையும் ஆபீசையும் கலக்கறதில்ல” என்றார் எம்.டி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் வைத்த சந்திப்புக்கு அவர் என்னையும் கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை. எம்.டி. தனியாகப் போனால் நன்றாக இருக்காதாம். நான் அச்சுப் பிழை திருத்துகிறவன். அன்றைக்கு மட்டும் சீனியர் டிசைனர். “நீங்க எதுவும் பேச வேணாம். நான் சொல்றப்போ தலைய ஆட்டுனா போதும்” என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே நாங்கள் போய்விட்டோம். விடுதி அம்மாள் எங்களுக்கும் முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். வரவேற்பு மேஜையில் அந்தப் பெண். எம்.டி. அவளை முதல் தடவையாகப் பார்க்கிறார், அவளும்தான். அவர் தோரணையாகக் கம்பெனி பெயரைச் சொன்னார்.

“சார் மீட்டிங்ல இருக்காரு. உக்காருங்க சார். இந்த மேடமும் அவருக்காகத்தான் வெயிட் பண்றாங்க.”

அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. எம்.டி. வாயைத் திறந்தார். ‘நான்தாம்மா அது’ என்று சொன்னால், இந்த ஆபீசுக்கு இவரை யாரென்றே தெரியாது என்பது அந்த அம்மாளுக்கு அங்கேயே விளங்கிவிடும். அதனால், போனில் வைத்துக்கொள்ளும் அந்த மாற்றுக்குரலில், “சரிம்மா, வெயிட் பண்றோம்” என்றார்.

சோபாவில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முழங்காலை அழுத்தினார். இத்தனை நாள் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கு அப்போது பாவமாக இருந்தது.

“உங்களுக்கும் அவரையா பாக்கணும்?” என்றார் அந்த அம்மாள்.

“ஆமாங்க.”

“எப்பவுமே இப்படித்தானா?”

“ரொம்ப பிஸியான ஆளுங்க” என்றார் எம்.டி. அந்த நேரத்திலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த அம்மாள் மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“வரச் சொல்லிட்டு, வெளியில வந்து ஒரு வார்த்த சொல்ல நேரமில்லையாக்கும். வேலைய எடுத்தா மட்டும் நேரம் வந்துடுமா? நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். சோபாவுக்கும் முன்னால் இருந்த கண்ணாடி மேஜைக்கும் நடுவே நெருக்கடியான இடம். எம்.டி. அவரை நிமிர்ந்து பார்த்தார், உதடு அசைந்தது. பிறகு இரண்டு கால்களையும் ஒடுக்கி இழுத்துக்கொண்டு, அவர் போக வழிவிட்டார்.