பந்தல் இறங்கிய மத்தியானம்

லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் முதன்முதலில் திராட்சை போட்டவர் துபாயிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய். பருத்தி விளைகிற மண்ணில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தபோது, "ஒயின் காய்ச்சவா பாய்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "தின்னத்தாம்பா" என்று சிரித்தார். நான் அவர் தோட்டத்தில் குலை அறுக்கப் போவேன்.

மூன்றாம் வருஷம் சித்திரையில், அறுப்பு நடக்கும்போதே சூறைக்காற்று வந்துவிட்டது. மற்ற பெண்கள் ஓடிவிட்டார்கள். கூடையில் குலை அடுக்கக் குத்தவைத்திருந்த நான் எழுவதற்குள் ஒரு தூண் சாய்ந்து, பந்தல் என்மேல் இறங்கியது. கம்பி கழுத்தை அழுத்தியது. பக்கத்துத் தூணும் ஆடியது. அது விழுந்தால் செத்தேன் என்று தெரிந்தது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாய் தவழ்ந்து உள்ளே வந்தார். "அசையாதம்மா, வந்துட்டேன்." ஆடுகிற தூணை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். குலை தொங்கிய கொடிகளைக் கத்திரியால் அடியோடு வெட்டி வழி உண்டாக்கி, என்னை வெளியே இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூணும் விழுந்தது.

அடுத்த தையில் மறுபடியும் தூண் நட்டார். இன்று சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பந்தல்கள். நான் இன்னும் அவரிடம்தான் வேலைக்குப் போகிறேன். காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே கூடையைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடிவிடுவேன். அவர் திட்டியதே இல்லை. நான் போய்ச் சேரும்போது அவரும் அங்கேதான் நிற்பார்.