கரி பஸ் டிரைவரின் நெஞ்சுவலி

இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் பாயின் முகம் சட்டென்று வெளுத்துப்போன அந்தக் காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் திருத்தணி - பொதட்டூர்பேட்டை பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றி விசிறியால் காற்றடித்தால்தான் கரி கனன்று, அதன் வாயுவில் இன்ஜின் ஓடும். நான் கண்டக்டர், இருபது வயது. "நான் சுத்தறேன் பாய்" என்றால் விடமாட்டார். "நீ டிக்கெட்டைப் பாருப்பா. வண்டி என் கைக்குத்தான் பழக்கம்."

அன்று பாதியில் நிறுத்தி, நடுநெஞ்சை உள்ளங்கையால் அழுத்தியபடி உட்கார்ந்தார். பாறாங்கல்லை ஏற்றிவைத்தாற்போல் இருந்ததாம். இடது கையும் கடுத்ததாம். ஐந்து நிமிடத்தில் எழுந்து பீடி பற்றவைத்தார். "கரிப்புகைப்பா. வாயு பூந்துகினு படுத்துது. குந்தினா போய்டும்." உள்ளூர் வைத்தியரும் வாயு என்றார், பயணிகளும் வாயு என்றார்கள். நானும் நம்பினேன். புகையே இல்லாத இடத்தில், அரிசி மூட்டையோடு மேடேறும்போது அதே வலி வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதம் நச்சரித்துப் பட்டணத்துக்கு ரயிலேற்றினேன். அங்கே டாக்டர், இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் இயந்திரத்தை வைத்துப் பார்த்தார். கோட்டில் குறையில்லை. பாய் முகம் மலர்ந்து சட்டையை எடுத்தார். டாக்டர் விடவில்லை. "இது படுத்திருக்கும்போது எடுத்தது. வலி எப்போ வருது, எப்போ போகுது, அதைச் சொல்லுங்க." கேட்டு முடித்துவிட்டு, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கிறது, உடம்பு உழைக்கும்போது அந்த ரத்தம் போதவில்லை என்றார். பீடியை விட வேண்டும். கைப்பிடியைத் தொடக் கூடாது. வலி வந்தால் சிறு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும்.

திரும்பும் ரயிலிலேயே பீடி புகைந்தது. அடுத்த முறை வலித்தபோது மாத்திரையை டீயோடு விழுங்கினார். "நாக்குக்கு அடியில பாய்!" என்று கத்தினேன். "மாத்திரைன்னா முழுங்கறதுதான்ப்பா" என்றார். பிறகு அதில் குணமில்லை என்று புட்டியை வீட்டிலேயே போட்டுவிட்டார். சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். அந்தக் கைப்பிடியை ஒருநாளாவது பிடுங்கியிருக்கலாம். வயதில் மூத்தவர் என்ற மரியாதை தடுத்தது. அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

பொதட்டூர்பேட்டையில் ஒரு நடுப்பகல். பஸ்ஸின் கூரைமேல் லுங்கி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். விசிறியின் ஓசை நின்றது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் சாய்ந்து, வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். "குந்திகினுதான் கீறேன்... போவ மாட்டேங்குதுப்பா." வண்டியை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாட்டுவண்டி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போதெல்லாம் ஆளை நடக்கவைத்தே கோடு எடுக்கிறார்கள். அடைத்த குழாயைக் கம்பி நுழைத்து விரிக்கிறார்கள். போன வருஷம் எனக்கும் செய்தார்கள். அதற்கு முன், "எத்தனை நாளா வலி இருக்குதுங்க?" என்று இளம் டாக்டர் கேட்டார்.

"நாலு மாசமா. மாடி ஏறினா வருது, நின்னா போவுது."

"ஏன் உடனே வரல?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "தினம் கூப்ட்டுகினுதான் இருந்தேங்க. நைனாதான் வரமாட்டேன்னுட்டாரு."