நான் அனுப்பிய துண்டுச் சீட்டு

சில வருடங்களுக்கு முன், ஜொகூரில் கூலாய்க்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் நடந்த சம்பவம் இது. அப்போது தேர்தல் நேரம். எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில் நான் செயலாளர். மண்டபத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். யாராவது பேச்சை இழுத்தால் "நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவும்" என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று ஒரு வேட்பாளர் எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தார். மாலை, பொன்னாடை எல்லாம் போட்டோம். பருவநிலை மாற்றம், பசுமை எரிசக்தி என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில், தான் ஜெயித்தால் கோயில் கூரையில் சோலார் தகடு போட்டுத் தருவதாகச் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லை. சுற்றுச்சூழல்மேல் அக்கறையுள்ள மனிதர், இவருக்குத்தான் ஓட்டு என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவருக்குச் சீட்டு அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். தாமானின் கடைசி வரிசை வீட்டில் இருப்பவர். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஏழு வயது மகளோடு தனியாக இருந்தார். மைக்கை வாங்கிப் பேச ஆரம்பித்தார்.

"வணக்கம் சார். எங்க வீடு கடைசி லைன்ல இருக்கு. என் மகளுக்கு சாயந்தரமானா மூச்சு இழுப்பு வந்துருது. ரெண்டு தரம் ஆஸ்பத்திரில வச்சிட்டாங்க. டாக்டர் என்ன சொல்றாங்கன்னா..."

மருத்துவ உதவி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சொந்தக் கதையைச் சொல்லும் இடமா இது? வேட்பாளர் வேறு கடிகாரத்தைப் பார்த்தார். நானே இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிகழ்ச்சியைக் கச்சிதமாக முடித்தேன் என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

வேட்பாளர் ஜெயித்தார். சொன்னபடி தகடுகளும் வந்தன. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களிலேயே மண்டபத்து விளக்குகள் மங்க ஆரம்பித்தன. பழுது பார்க்க ஒரு மலாய்க்காரர் வந்தார். அவரோடு நானும் ஏணியில் ஏறினேன்.

தகடுகள் முழுக்கக் கறுப்பு. அவர் விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார். பிசுபிசுவென்று ஒட்டியது.

"இனி புக்கான் ஹாபுக், பாங்," என்றார். இது தூசி இல்லையாம்.

பிறகு கையை நீட்டிக் காட்டினார். கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அதற்கு நடுவே தகர வேலி போட்ட ஓர் இடம். உள்ளே மலைபோல் பிளாஸ்டிக் கழிவு. அதன் ஓரத்தில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே இருந்தால் மரங்கள் மறைத்துவிடும். காற்று எங்கள் பக்கம் வீசினால் ஏதோ குப்பை எரிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கடைசி வரிசையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகளுக்காகப் பத்து பகாட் நகரில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கோயில் உறுப்பினர் பட்டியலில் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். நான் யாரென்று சொன்னேன்.

"நான் உதவி கேக்க வரலண்ணே. கேள்விதான் கேக்க வந்தேன். அதுக்குள்ள உங்க சீட்டு வந்துருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே, பிள்ளை இப்ப ஓடி ஆடுது" என்றார். அந்தக் கேள்வியை இப்போது சொல்லுங்கள் என்று கெஞ்சி, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

அதன்பிறகு புகார் மனுக்கள் கொடுத்தோம். சில வாரம் புகை நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். அடுத்த தேர்தலும் வந்தது. அதே மண்டபத்துக்கு வேறொரு வேட்பாளர் வந்தார். அப்போது நான் செயலாளர் இல்லை, கூட்டத்தில் ஒருவன். கேள்வி நேரத்தில் எழுந்து, எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "சோலார் போடுறது சரிங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி எரிக்கிறத நிறுத்த வைப்பீங்களா? எத்தனை நாள்ல?"

அவர் சிரித்தபடி தம் கட்சியின் பசுமைத் திட்டங்களை அடுக்கினார். எத்தனை நாள் என்று மறுபடி கேட்டேன். அப்போது என் கையில் ஒரு காகிதம் வந்து விழுந்தது. புதிய செயலாளர் அனுப்பியது. "நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவும்." நான் பழக்கிவிட்ட அதே வாசகம்.

அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உட்காரவில்லை. மூன்றாவது முறையும் கேட்டேன். "மூணு மாசத்துல" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

அவரும் ஜெயித்துவிட்டார். சொன்னதைச் செய்கிறாரா என்று அவ்வப்போது கூரையில் ஏறித் தகட்டை விரலால் தேய்த்துப் பார்த்து வருகிறேன். ஒரு தாயின் கேள்வியை அது வாயை விட்டு வருமுன்பே நிறுத்திய கை இது என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு ஞாபகம் வருகிறது.