மீன் வெட்டுகிறவளின் காபி சோப்பு

மீன் சந்தையில் அவளுக்குப் ‘பரபரப்பு அக்கா’ என்று பெயர். ஒரு மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே அடுத்த ஆளிடம் விலை பேசி, மூன்றாமவரைத் திட்டியும் முடித்திருப்பாள்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, எட்டிப் பார்க்கக் குனிந்தாள். மருமகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். தன் கையை மோந்து பார்த்தவள், அதற்குப் பிறகு தொட்டில் பக்கமே போகவில்லை. எலுமிச்சை தேய்த்தாள், உப்புத் தேய்த்தாள். மீன் வாடை போவேனா என்றது.

பக்கத்துக் கடைக்காரிதான் காபி சோப்புக்கு வழி சொன்னாள். “ஆறின காபியில காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போடு. அதைத் தேங்காய் எண்ணெயில ஊத்திக் கிளறு. கூழ் மாதிரி வந்ததும் காபிச் சக்கையைப் போட்டு டப்பாவுல ஊத்து. ஆனா காரம் அடங்க ஒரு மாசமாவது காயணும், அதுக்கு முன்னாடி தொடாதே.”

“ஒரு மாசமா! அதுக்குள்ள குழந்தை நடக்கவே ஆரம்பிச்சிடும்!”

சோப்பு இறுகியதும் துண்டு துண்டாக வெட்டி ஜன்னலோரம் அடுக்கினாள். சந்தைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் விரலால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே குழந்தை அழும். இவள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு துண்டை எடுத்து முழங்கை வரை பரபரவென்று தேய்த்துவிட்டாள்.

கத்தி கீறிய இடமெல்லாம் தீயாய் எரிந்தது. தோல் உரிந்துவிட்டது. கையில் கட்டோடு வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று.

“எதுக்கு அத்தை இந்த வேலை?” என்றாள் மருமகள்.

“நீ அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பினியே, மீன் நாத்தம்னு…”

“ஐயோ! பிரசவத் தையல் சுரீர்னு இழுத்துச்சு. கத்திடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சிட்டுத் திரும்பினேன். நீங்க ஏன் குழந்தைகிட்டயே வர மாட்டேங்கறீங்கன்னு நான் அழுதுட்டு இருக்கேன்!”

குழந்தையை எடுத்து மாமியார் மடியில் கிடத்தினாள்.

சந்தையில் இந்நேரம் ஐஸ் வந்திருக்கும், தன் வாடிக்கையை யார் கொத்திக்கொண்டு போகிறார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கால் எழத் துடித்தது. ஆனால் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மிச்சத் துண்டுகள் நன்றாகக் காய்ந்தபின் சந்தைப் பெண்களுக்கும் கொடுத்தாள். வாடை போகிறதா என்று கேட்டால், “பாதி போகும். மீதிக்குப் பேத்தி ஒண்ணும் சொல்ல மாட்டா” என்பாள்.