இடது கையுறை

அஜக்ஸ் நகரில் என் அண்ணா வீட்டுக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு கொளுவி இருக்கும். குளிர்ச் சட்டைகளுக்கு நடுவே அதில் ஒரு சோடித் தோல் கையுறை தொங்கும். வலது கையுறை கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது. இடது கையுறை கறுத்து, உள்ளங்கைப் பக்கம் மினுங்கி, சுட்டுவிரலின் உட்புறம் கிழிந்திருக்கிறது. கிழிசலைக் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். ஒரே சோடியில் ஒன்று பழையதாகவும் மற்றது புதிதாகவும் இருப்பதற்குக் காரணம் எளிது. என் மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, ஒற்றைக் கையால் குதிரை ஓட்டுகிறவர்.

அவர் ஓட்டும் போட்டிக்கு ரெயினிங் என்று பெயர். வேகத்தை யாரும் அளப்பதில்லை. மணல் பரப்பிய கூடத்துக்குள் குதிரையும் ஆளும் தனியே வருவார்கள். முன்கூட்டியே அறிவித்த ஒழுங்கில் பெரிய வட்டம், சின்ன வட்டம், நின்ற இடத்திலேயே சுழல்வது, பாய்ந்து வந்து பின்கால்களில் சறுக்கி நிற்பது என்று எல்லாவற்றையும் செய்து காட்டவேண்டும். கடிவாள வார் தளர்ந்தே இருக்கவேண்டும். அதை ஒரு கையால் மட்டுமே பிடிக்கலாம். இடையில் கை மாற்றினால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிடைப்பது பூச்சியம். எங்கள் ஆட்கள் சொல்வதுபோல, சைபர்.

மச்சாள் மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். சிறு வயதில் அகதிக் குடும்பமாக இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேல் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். பொலிஸ்காரர்கள் குதிரையில் தெருவால் போவதைப் பல்கனியில் நின்று பார்ப்பாராம். அவர் பிறவியில் இடக்கைக்காரி. அவருடைய தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். மகள் இடக்கையால் சோறு அள்ளுவதையும் எழுதுவதையும் நிறுத்த, அவளுடைய வீட்டுச் சட்டையின் இடது கை நுனியை ஊசி நூலால் தைத்து மூடிவிட்டார். ஒரு குளிர்காலம் முழுவதும் மச்சாள் அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். வசந்தம் வந்தபோது வலக்கையால் எழுதினார். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை.

நாற்பதை நெருங்கும்போதுதான் குதிரை ஓட்டப் பழகினார். நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணை. பயிற்சி தந்தவர் நரைத்த தலையுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண். வார் வலக்கையில் இருந்தால் குதிரை காதுகளைப் பின்னால் மடிப்பதையும் இடக்கைக்கு மாறியதும் காதுகள் தளர்வதையும் முதலில் கவனித்தவர் அவர்தான். அதன்பின் மச்சாள் இடக்கையால் மட்டுமே ஓட்டினார். குதிரை செந்நிறப் பெட்டை, வயதானது. போட்டிப் பதிவில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. மச்சாள் அதைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்.

முதற் போட்டிக்கு மாமியும் வந்தார். கைப்பைக்குள், கண்ணூறு படாமலிருக்க ஒரு தேசிக்காய், எலுமிச்சை, இருந்தது.

"குதிரையை ஏத்தி வந்த வண்டிச் சில்லுக்குக் கீழ வைக்கவோ, குதிரைக்குக் கீழயோ?" என்று கேட்டார்.

"குதிரைக்கு வச்சா அது சாப்பிட்டிடும் மாமி," என்றார் அண்ணா.

"நக்கலடியாதையும் தம்பி."

மச்சாள் முதல் வட்டங்களை அழகாகப் போட்டார். வலப்பக்கச் சுழற்சி முடிந்து குதிரை நின்றபோது அதன் முகம் எங்கள் வரிசைக்கு நேரே இருந்தது. மாமி முன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் வார் இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போனது. அவசரம் எதுவும் இல்லை. கரண்டி கைமாறுவதுபோலப் போனது. மச்சாள் கடைசிவரை ஓட்டி முடித்தார். ஒலிபெருக்கி பூச்சியம் என்று அறிவித்தது.

"சைபரோ?" மாமி எழும்பிவிட்டார். "அவளும் விழேல்ல, குதிரையும் விழேல்ல. பிறகென்ன சைபர்?"

மச்சாள் தொப்பியைக் கழற்றியபடி வந்தார். "உங்களைக் கண்டன் அம்மா. கை மாறிட்டுது."

மாமி மடியில் இருந்த தேசிக்காயைத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தார். ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பல வருடம் வேலை செய்த எனக்குக் கண்டதை மட்டும் எழுதும் பழக்கம். அன்று நான் கண்டது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் மிருக வைத்தியர் பெட்டையின் பின்கால் மூட்டைப் பார்த்து, இந்தப் பருவத்துக்குப் பிறகு போட்டி வேண்டாம் என்றார். மிச்சம் இருந்தது இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு போட்டி.

"அதுக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவம்," என்றார் அண்ணா.

"அம்மா வரவேணும். அதே முன் கதிரையில இருக்கவேணும்."

"ஏனப்பா உந்த வில்லங்கம்?"

"அம்மா காணாத இடத்தில இடக்கையால செய்யிறது எனக்குச் சின்னனிலேயே தெரியும். அதுக்குக் குதிரை தேவையில்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மச்சாள் மாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனார். நானும் சில தடவை போயிருக்கிறேன். கூடத்தின் ஓரத்தில் மடக்குக் கதிரையில், கம்பளி போர்த்தி, தேநீர்ப் போத்தலோடு மாமி இருப்பார். மச்சாள் அவருக்கு நேரே வந்து குதிரையை நிறுத்துவார், சுழற்றுவார், போவார். பிறகு மறுபடி வருவார். மாமியைக் காணும்போதெல்லாம் வலக்கை தொடையிலிருந்து எழும்பியது. அதை இடுப்புப் பட்டிக்குள் செருகி வைத்தால் என்ன என்று பயிற்சியாளர் கேட்டார். மச்சாள் ஆங்கிலத்தில் மறுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கை கட்டினது காணும், இனிப் போதும்."

மாமி தேநீரைக் குடித்தார். அடுத்த சனிக்கிழமை, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார் என்று அண்ணா சொன்னார்.

கடைசிப் போட்டியில் நான் குதிரையைப் பார்க்கவில்லை. மச்சாளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டங்கள் முடிந்தன. வலப்பக்கச் சுழற்சி முடிந்து குதிரை எங்களைப் பார்த்து நின்றது. மாமி அசையவில்லை. மச்சாளின் வலக்கை தொடையைவிட்டு எழுந்தது. வாரை நோக்கிப் பாதி வழி போனது. அங்கே விரல்கள் மடங்கி முட்டியாயின. முட்டி மெல்ல இறங்கித் தொடையில் அமர்ந்தது. மச்சாள் தாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இடப்பக்கம் சுழன்றார். சுழற்சி நிற்கவேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய்ப் புள்ளி குறைந்தது. கடைசி ஓட்டத்தில் பெட்டை பின்கால்களை மடித்துச் சறுக்கி நின்றபோது மணல் எங்கள் கதிரைவரை தெறித்தது. சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். அவர்களோடு மாமியும் கூவினார். அப்படியொரு சத்தம் அவரிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

பிழையில்லாத சாதாரண ஓட்டத்துக்கு எழுபது புள்ளி. மச்சாளுக்கு அறுபத்தேழரை கிடைத்தது. அது கடைசிக்கு முந்தின இடம்.

"எழுபதுக்கும் குறைவே?" என்றார் மாமி. பிறகு, "ஆனாச் சைபர் இல்ல," என்றார்.

மச்சாள் கழற்றிய இடது கையுறை சுட்டுவிரல் பக்கம் கிழிந்திருந்தது. மாமி கையை நீட்டினார். "உதை இஞ்ச தா." கையுறை கைப்பைக்குள், தேசிக்காய்க்குப் பக்கத்தில் போனது. இரண்டு நாளில் தைத்துத் திரும்ப வந்தது. பார்க்டேலில் சட்டைக் கையை மூடியதும் இதே தையல்தானா என்று நான் கேட்கவில்லை.

பெட்டை இப்போது அதே பண்ணையில் புல் மேய்கிறது. மச்சாள் ஓர் இளம் குதிரையைப் பழக்குகிறார். அது இன்னும் நேராக நிற்கப் பழகவில்லை. போன ஞாயிறு, மச்சாள் அதை ஓட்டிவிட்டுப் பண்ணையிலிருந்து திரும்பிய பின், அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மச்சாள் இடக்கையை நீட்டி அப்பளம் எடுத்தார்.

"உந்தக் கை குதிரைக்கு. சோத்துக்கு மற்றது," என்றார் மாமி.

மச்சாள் சிரித்தார். கையை மாற்றவில்லை. அப்பளத்தை மாமியின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். மாமி அதை உடைத்துச் சாப்பிட்டார்.

வெளிக்கிடும்போது என் குளிர்ச் சட்டையை எடுக்கக் கொளுவிக்குக் கை நீட்டினேன். கையுறைகள் விரலில் பட்டன. வலது கையுறை காய்ந்து கிடந்தது. இடது கையுறை இன்னும் ஈரமாக இருந்தது.